மலாயாவின் பெரிபெரி ஆய்வுகளும் மாறிகளின் பாடமும்

அறிவியல் வகுப்பில் தற்சார்பு மாறி, சார்பு மாறி என்னும் இரு சொற்களைக் கேட்டதும் மாணாக்கர் பலர் அவற்றை மனனம் செய்துகொள்கின்றனர். தேர்வுத்தாளில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை எழுதிவிட்டு வருகின்றனர். குறை அவர்களுடையது மட்டுமன்று. சரிவுப் பலகையில் உருளும் பொம்மை வண்டி, வெயிலில் உலரும் கைக்குட்டை, நீரில் கரையும் சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டே இப்பாடம் நடத்தப்படுகிறது. கைக்குட்டை சிறிது முந்தி உலர்ந்தால் என்ன, பிந்தி உலர்ந்தால் என்ன? எதை மாற்றினோம், எதை அளந்தோம் என்பதில் தவறினால் எவருக்கும் இழப்பில்லாத எடுத்துக்காட்டுகள் அவை. ஆனால் அவ்விரு சொற்களின் பொருள் தெளியாமையால் ஆயிரக்கணக்கானோர் மாண்டுபோன வரலாறு ஒன்று நம் மண்ணிலேயே உண்டு. பெரிபெரி என்னும் நோயின் வரலாறே அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவின் ஈயலம்பங்களிலும் சிறைச்சாலைகளிலும் மருத்துவ விடுதிகளிலும் இந்நோய் மிகுந்திருந்தது. கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், சிலருக்கு உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழந்து மூச்சுத் திணறி இறப்பர். நேற்று வரை மண்வெட்டி பிடித்தவன் சில கிழமைகளில் ஊன்றுகோலின்றி நிற்க மாட்டாதவனாவான். காரணம் யாதென மருத்துவர்கள் தேடினர். நுண்ணுயிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறியப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆதலின் இதுவும் ஒரு கிருமியின் வேலையே என்றனர் பலர். ஈரம் பொதிந்த தரையினின்று எழும் ஆவியே காரணம் என்றனர் சிலர். நெரிசல் என்றும், காற்றோட்டமின்மை என்றும், உணவில் ஊன் குறைவு என்றும் வேறு பலர் கூறினர். இக்காலச் சொல்லாட்சியில் உரைப்பதாயின், நோய் என்னும் சார்பு மாறி கண்ணெதிரே இருந்தது; அது எதனைச் சார்ந்திருக்கிறது என்பதுதான் புலப்படவில்லை.

ஐயத்திற்குரிய பொருள்கள் பல இருக்கும்போது அவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது எளிய விதி. அவ்விதியை மீறியும் வெற்றி காணலாம் என்பதற்குச் சப்பானியக் கடற்படை மருத்துவர் தக்காக்கி சான்றாவார். 1883ஆம் ஆண்டில் நெடும் பயணம் முடித்துத் திரும்பிய ரியூஜோ என்னும் பயிற்சிக் கப்பலில் 169 பேர் பெரிபெரியுற்று, அவர்களுள் 25 பேர் இறந்தனர். மறு ஆண்டு சுக்குபா என்னும் கப்பலை அதே வழியில் அனுப்பி, மாலுமிகளின் உணவை அவர் மாற்றியமைத்தார். ஒருவரும் இறக்கவில்லை. கப்பல்வழி ஒன்றாகவே இருக்கச் செய்தது அவருடைய நுண்மதியைக் காட்டுகிறது. எனினும் உணவில் அவர் மாற்றியது ஒரு பொருளையன்று. இறைச்சி கூடியது, பால் சேர்ந்தது, அரிசி குறைந்தது. இவற்றுள் காத்தது எது? புரதமே காத்தது என்று தக்காக்கி கருதினார். அது பிழை. மாலுமிகள் பிழைத்தனர், காரணம் மட்டும் மறைந்தே இருந்தது. காரணம் மறைந்திருந்தமையால் அவருடைய வெற்றியைப் பிறர் ஐயுறவும் முடிந்தது.

அடுத்த படி சாவகத் தீவில் எடுத்து வைக்கப்பட்டது. பத்தாவியாவில் ஆய்வு நடத்திய டச்சு மருத்துவர் எய்க்மான், 1889ஆம் ஆண்டில் தம் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தளர்ந்து விழக் கண்டார். சில மாதங்களில் அவை தாமாகவே நலம் பெற்றன. விசாரித்தபோது ஒரு செய்தி வெளிவந்தது. கோழிகளுக்குத் தீனியாக, படைமருத்துவமனையின் அடுக்களையில் மிஞ்சிய வெண்சோறு போடப்பட்டு வந்திருக்கிறது. பின்னர் வந்த புதிய சமையற்காரர், படைவீரர்க்குரிய அரிசியைப் படையைச் சேராத கோழிகளுக்குத் தருவதா என்று மறுத்துவிட்டார்! அலுவலக முறைமையில் அவருக்கிருந்த பற்று அறிவியலுக்குப் பேருதவியாயிற்று. மீண்டும் தவிடு நீங்காத மலிவரிசி தீனியானதும் கோழிகள் எழுந்து நடந்தன.

கோழிக்கு உண்மையானது மனிதனுக்கும் உண்மையாகுமா? சாவகத்திலும் மதுராவிலும் சிறைகளின் நலத்தை மேற்பார்த்த வோர்டர்மான் என்னும் மருத்துவ அதிகாரி, 1895ஆம் ஆண்டு தொடங்கி 101 சிறைகளின் விவரங்களைத் திரட்டினார். ஊர் வழக்கத்தை ஒட்டி ஒவ்வொரு சிறையும் ஒவ்வொரு வகை அரிசியை வழங்கி வந்தது. அவர் எதையும் மாற்றவில்லை. முன்பே மாறியிருந்ததைக் கணக்கெடுத்தார். தீட்டிய வெள்ளரிசி வழங்கிய 51 சிறைகளுள் 36இல் பெரிபெரி இருந்தது. இருவகையும் கலந்து வழங்கிய 13 சிறைகளுள் 6இல் இருந்தது. தவிட்டரிசி வழங்கிய 37 சிறைகளுள் ஒன்றே ஒன்றில் இருந்தது. கட்டடத்தின் பழமை, காற்றோட்டம், தரையின் தன்மை, கைதிகளின் நெரிசல் ஆகியவற்றையும் அவர் தனித்தனியே ஒப்பிட்டார். அவற்றோடு நோய்க்குத் தொடர்பு தென்படவில்லை.

வரைவு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்விடம் ஒரு புதையல். அரிசியின் வகை தற்சார்பு மாறி. அது கிடை அச்சுக்குரியது. வகைகள் மூன்றே, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே தொடர்ச்சியான அளவு இல்லை. ஆதலின் கோடிட்டு இணைத்தல் பொருந்தாது. பட்டைக் குறிவரைவே தக்கது. இதுவரை எளிது. செங்குத்து அச்சில் எதைக் குறிப்பது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. நோய் கண்ட சிறைகளின் எண்ணிக்கையை அப்படியே குறித்தால் 36, 6, 1 என வரும். ஆனால் சிறைகளின் தொகை 51, 13, 37 என வேறுபடுவதால் அவ்வொப்பீடு நேர்மையற்றது. விழுக்காடாக்கினால் ஏறத்தாழ 71, 46, 3 ஆகும். இப்படத்தில் கலப்பரிசி வழங்கிய சிறைகள் வெள்ளரிசிச் சிறைகளுக்குச் சற்றே தாழ்ந்த, அஞ்சத்தக்க இடங்களாகத் தோன்றும்.

இனிச் சிறைகளை விடுத்துக் கைதிகளை எண்ணுவோம். வெள்ளரிசி உண்டோருள் 39 பேருக்கு ஒருவர், கலப்பரிசி உண்டோருள் 416 பேருக்கு ஒருவர், தவிட்டரிசி உண்டோருள் 10,725 பேருக்கு ஒருவர் நோயுற்றனர். பதினாயிரம் பேருக்கு இத்தனை பேர் எனக் கணக்கிட்டால் அவை முறையே 256, 24, 1 என்னும் அளவில் அமையும். முதற்பட்டையை 256 மில்லிமீட்டர் உயரத்திற்கு வரைந்தால் மூன்றாவது பட்டை ஒரு மில்லிமீட்டர்தான். பென்சில் கீற்றின் தடிப்பு. கலப்பரிசிச் சிறைகளோ இப்பொழுது பத்தில் ஒரு பங்குக்கும் தாழ்ந்துவிட்டன. ஒரே ஆய்வு, ஒரே தற்சார்பு மாறி, ஒரே வகைக் குறிவரைவு. எனினும் படங்கள் இரண்டும் இருவேறு கதை சொல்கின்றன. பொய் சொல்வது எது? இரண்டும் மெய்யே. ஒருவர் நோயுற்றாலும் நூற்றுவர் நோயுற்றாலும் முதற்படம் அச்சிறையை ஒன்றென்றே எண்ணும். இரண்டாம் படம் ஆளை எண்ணும். நோய் அவ்விடத்தை எட்டியதா என்பது முதற்படத்தின் வினா. எத்தனை பேரை வீழ்த்தியது என்பது இரண்டாவதன் வினா. சார்பு மாறியை 'நோய்' என ஒற்றைச் சொல்லால் எழுதிவிடும் மாணாக்கனுக்கு இவ்வேறுபாடு ஒருநாளும் புலப்படாது. எதை, எதனால், எத்தனைக்கு எத்தனை என அளக்கிறோம் என்று முழுமையாக எழுதச் சொல்வதே முறை.

சாவகத்தில் இவ்வாறிருக்க, மலாயாவில் நோயின் கணக்கு வேறொரு முறையில் பேசப்பட்டது. இங்கு மக்களை இனவாரியாகப் பிரித்துப் பார்ப்பது ஆட்சியாளர் வழக்கம். மருத்துவமனைப் பதிவேடுகளும் அவ்வாறே இருந்தன. அப்பதிவேடுகளைக் கொண்டு பட்டைகள் வரைந்தால் சீனர் பட்டை ஓங்கி நிற்கும். மலாய்க்காரர் பட்டையும் தமிழர் பட்டையும் குறுகியிருக்கும். கிடை அச்சில் இனம், செங்குத்து அச்சில் நோய். படம் ஒழுங்காகவே இருக்கும். இனந்தான் காரணம் என்று ஒருவர் சொல்லத் துணிந்தால் படம் அவரைத் தடுக்காது.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் அப்படத்தின் பின்னே பார்த்தார். சீனத் தொழிலாளர் உண்டது, சீயம் முதலிய நாடுகளின் ஆலைகளில் பச்சையாகவே தீட்டப்பட்டு வந்த வெள்ளரிசி. மலாய்க் குடியானவர் உண்டது, தம் வயலின் நெல்லை அவ்வப்போது உரலில் குத்திய அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. ஆகவே வேறுபட்டது இரத்தமன்று, அரிசியே என்பது அவர் துணிபு. 1901இலேயே இதனை வெளியிட்டவர், 1907இல் பெரு நூலாகவும் எழுதினார். பழைய வெள்ளரிசியில் தோன்றும் நஞ்சொன்றே நோய்க்குக் காரணம் என்று அவர் எண்ணியது மட்டும் பின்னாளில் நிலைக்கவில்லை.

புழுங்கலரிசியின் பெருமையைத் தமிழ் மாணாக்கர்க்கு விளக்க வேண்டுமெனின் அவர்தம் பாட்டிமாரே போதும். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின்னரே குத்துவது அம்முறை. ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டுப் பகுதியில் உள்ள நீரில் கரையும் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் ஆலை எவ்வளவு தீட்டினும் உள்ளே சென்றதை முழுதும் களைய இயலாது. சத்தைக் காக்கவென்று முன்னோர் இதனைச் செய்தார்கள் என்று பெருமை பேசுதல் மிகையாகும். நெல் எளிதில் உமி நீங்கும், அரிசி நொறுங்காது, பூச்சி அரிப்பது குறையும் என்பனவே அவர்கள் கண்ட பயன்கள். தோட்டப்புறத் தமிழர் நோயற்று வாழ்ந்தனர் என்றும் இதனாற் கொள்ளலாகாது. மலேரியாவும் கொக்கிப் புழுவும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போயின. பெரிபெரி ஒன்று மட்டும் பெரும்பாலும் அவர்கள் குடிசையை அணுகாது நின்றது.

பிராடனின் கூற்றில் ஓர் இடைவெளி இருந்தது. அரிசி மாறியபோது இனமும் மாறியது, வேலையும் மாறியது, உறைவிடமும் மாறியது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை நிறுத்திப் பார்த்தவர் யார்? கோலாலம்பூரின் மாவட்ட மருத்துவரான வில்லியம் பிளெட்சர். அங்கிருந்த மனநோயர் விடுதியில் 1905ஆம் ஆண்டில் இருந்த 219 பேருள் 94 பேருக்குப் பெரிபெரி கண்டு, 27 பேர் இறந்திருந்தனர். அவ்வாண்டு திசம்பர் 5ஆம் நாள் நோயாளரை உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி, இடப்புறத்திலிருந்து எண் சொல்லச் செய்தனர். ஒற்றைப்படை எண்ணினர் முற்றத்தின் கிழக்குக் கூடத்திற்குச் சென்றனர். அவர்களுக்கு வழக்கமான சீயத்து வெள்ளரிசியே தொடர்ந்தது. இரட்டைப்படை எண்ணினர் மேற்குக் கூடத்திற்குச் சென்றனர். அவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. ஏனைய உணவு இரு சாரார்க்கும் ஒன்றே.

கிழக்குக் கூடத்தின் தரையிலோ சுவரிலோ நோய் இருக்குமோ என்னும் ஐயம் எழுமன்றோ? அதனைத் தீர்க்க ஆய்வின் இடையில் இரு கூட்டத்தாரையும் கூடம் மாற்றிக் குடியமர்த்தினார் பிளெட்சர். இடம் மாறியது, அரிசி மாறவில்லை, நோயும் அரிசியைப் பின்பற்றியே சென்றது. கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்பதை விளக்க இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது.

1906 இறுதியில் கணக்கு முடிந்தது. வெள்ளரிசி உண்ட 120 பேருள் 34 பேருக்கு விடுதியில் நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் இருவரே நோயாளர். அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே அந்நோயுடன் வந்தவர்கள். இறப்பு இல்லை.

இவ்வெண்களைக் கண்டதும் வட்டக் குறிவரைவு வரையும் மாணாக்கர் உளர். 34ஐயும் 2ஐயும் கூட்டி 36 ஆக்கி, வட்டத்தைப் பெரிய துண்டும் சிறிய துண்டுமாக வெட்டிவிடுவர். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முழுமை ஒன்றின் கூறுகளைக் காட்டுவதே வட்டத்தின் வேலை. இங்கு முழுமைகள் இரண்டு: ஒன்று 120, மற்றொன்று 123. நோயுறாது தப்பிய 86 பேரும் 121 பேரும் அவ்வட்டத்தில் எங்கே போயினர்? குழுவுக்கு ஒரு பட்டை, நூற்றுக்கு இத்தனை பேர் என 28உம் 2உம் குறித்தலே நேரிது.

பட்டைக் குறிவரைவு பிறந்த கதையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1786இல் வணிகப் புள்ளிவிவர நூலொன்றை வெளியிட்ட வில்லியம் பிளேஃபேர், பல ஆண்டுகளின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோடுகளாக வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் அவர் கையில் ஓராண்டின் கணக்கே இருந்தது. காலம் ஓடாத இடத்தில் கோடு ஓடுவது எங்ஙனம்? எனவே நாட்டுக்கு நாடு பட்டைகளை அடுக்கினார். அதனை ஒரு குறைபாடாகவே அவர் கருதினார். குறைபாட்டினின்று பிறந்த அப்படமே இன்று பள்ளிச் சுவர்களில் மிகுந்து காணப்படுகிறது. வட்டக் குறிவரைவையும் 1801இல் அவரே அறிமுகப்படுத்தினார்.

பிளெட்சரின் ஆய்வைப் பாராட்டும் அதே வேளையில் மற்றொன்றையும் மறைக்காது கூற வேண்டும். எண் சொன்ன அம்மனிதர்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. கேட்டாலும் விடை கூறும் நிலையில் பலர் இருந்திரார். பழைய உணவே தொடர்ந்தது என்று வாதிடலாம். ஆனால் ஆண்டு நெடுகிலும் ஒரு கூடத்தில் சாவு தொடர, மறு கூடத்தில் அது இல்லாதிருந்தது. 18 என்னும் அவ்வெண் அட்டவணையின் ஒரு கட்டத்தில் அடங்கிவிடுகிறது. வகுப்பில் அப்பட்டையை வரையும் ஆசிரியர், அது எதனால் ஆனது என்பதை ஒரு வாக்கியத்திலேனும் சொல்வது தகும்.

ஐயுறவோர்க்கு அப்போதும் ஒரு வாயில் திறந்திருந்தது. மனநோயர் விடுதி அடைபட்ட இடம். வெளியுலகில் உழைப்போருக்கு இம்முடிவு பொருந்துமா? கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் 1907இல் நெகிரி செம்பிலானின் டுரியான் டிப்புஸ் காட்டுப்பகுதியில் சாலை அமைக்கும் பணியில் இருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வெள்ளரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. இவர்கள் சீனருமல்லர், தமிழருமல்லர். ஒரே இனத்தார், ஒரே வேலையினர். ஏறத்தாழ மூன்று மாதங்கள் இரு பிரிவிலும் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் வெள்ளரிசிப் பிரிவில் நோய் தோன்றிப் பெருகலாயிற்று. புழுங்கலரிசிப் பிரிவில் ஒருவர்க்கும் இல்லை. நோயுற்ற பிரிவுக்குப் புழுங்கலரிசி தரப்பட்டதும் புதிய நோயாளர் தோன்றுவது நின்றது. இனம் என்னும் பட்டைப்படம் அத்துடன் செல்லாக்காசாயிற்று.

இங்குப் பட்டை போதாது. முடிவெண்களை மட்டும் பட்டையாக வரைந்தால் அந்த மூன்று மாத அமைதி மறைந்துபோகும். கிடை அச்சில் நாள்களையும் செங்குத்து அச்சில் அதுவரை நோயுற்றோர் தொகையையும் குறித்துக் கோட்டுக் குறிவரைவு வரைந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். ஒரு கோடு தரையோடு தரையாகக் கிடந்து, பின் திடுமென எழும். மற்றொன்று இறுதிவரை தரையிலேயே கிடக்கும். இரண்டு மாதங்களில் ஆய்வாளர் மூட்டை கட்டியிருந்தால், அரிசிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றே அறிக்கை எழுதியிருப்பர். உடலில் இச்சத்தின் இருப்பு சில கிழமைகளுக்கே தாங்கும். இருப்புத் தீர்ந்த பின்னரே நோய் வெளிப்படும். அக்கிடைக்கோடு இருப்புத் தீரும் காலத்தின் சுவடு.

பிரேசரும் ஸ்டாண்டனும் அத்துடன் நிற்கவில்லை. பலவகை அரிசிகளைக் கோழிகளுக்கு ஊட்டி, அரிசியின் வேதியியல் கூறுகளையும் அளந்தனர். பாஸ்பரஸ் குறைந்த அரிசியே கோழிகளை வீழ்த்தக் கண்டனர். பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 விழுக்காட்டுக்குக் குறையாத அரிசி தீங்கற்றது என்று வணிகர்க்கும் அரசினர்க்கும் பயன்படும் அளவுகோல் ஒன்றையும் தந்தனர். இங்கே தற்சார்பு மாறி வகையாக இல்லாது எண்ணாகிவிட்டது. கிடை அச்சிலும் எண், செங்குத்து அச்சிலும் எண். ஒவ்வொரு அரிசிக்கும் ஒரு புள்ளி. இத்தகைய விவரங்களுக்குப் புள்ளிகளைச் சிதறலாக இடும் வரைவே ஏற்றது. புள்ளிகள் சரிந்து செல்லும் போக்கைக் கண்டு, பாஸ்பரஸ் குறைவே நோய்க்குக் காரணம் என முடிவு கட்டத் தோன்றும். அவ்விருவரும் அந்த வலையில் விழவில்லை. பாஸ்பரஸ் ஓர் அடையாளமே என்றனர். தவிடு நீங்கும்போது பாஸ்பரசும் நீங்குகிறது, அதனுடன் பெயர் அறியப்படாத வேறொன்றும் நீங்குகிறது. அளக்க முடிந்தது முன்னதை மட்டுமே. கிடை அச்சில் ஒரு பொருளின் பெயரை எழுதிவிட்டதனாலேயே அது காரணமாகிவிடாது.

பெயர் அறியப்படாத அப்பொருளை, எய்க்மானின் கோழிகள் தளர்ந்து விழுந்த அதே பத்தாவியாவில், யான்சன், டோனத் என்னும் இருவர் 1926ஆம் ஆண்டில் அரிசித் தவிட்டினின்று படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1936இல் அமெரிக்க வேதியியலார் வில்லியம்ஸ் அதன் அமைப்பைக் கண்டறிந்து செயற்கையாகவும் ஆக்கினார். தயமின் என்று பெயர் பெற்ற அதுவே பி1 உயிர்ச்சத்து. பிரேசரும் ஸ்டாண்டனும் விட்டுச் சென்ற புள்ளி வரைவின் கிடை அச்சில் பாஸ்பரஸ் என்றிருந்த பெயரை அடித்துவிட்டு, உரிய பெயரை எழுத அப்பொழுதுதான் முடிந்தது.